செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை... ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் என்னென்ன செக் பண்ண வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

என் வண்டி 1992 மாடல் ஃபோர்டு பிக்கப், பெட்ரோல். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, விடுமுறை நாளில் அதில் லோடு அடிப்பேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் மேடைச் சுவரில் டொம்மென்று இடித்தது. பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் அந்த நொடியே இன்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பேட்டரியில் குறையே இல்லை, இன்ஜின் மட்டும் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

மெக்கானிக்கை நாம் இருக்கும் இடத்துக்கே அனுப்பும் செயலிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் புக் பண்ணினேன். பெயரைச் சொல்ல ஆசைதான். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறான்.

வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். கதவைத் திறந்ததும் என்ன செய்தான் தெரியுமா? பையிலிருந்து சுத்தமான துணி ஒன்றை எடுத்து சீட்டில் விரித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். முப்பது வருஷப் பழைய சீட்டு, ஸ்பாஞ்ச் வெளியே தொங்குகிறது, அதற்குத் துணி! அந்தத் துணியில்தான் நான் விழுந்தேன். நம்ம வண்டியை மதிக்கிறானே என்று நினைத்தேன்.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினான். "பம்பு சத்தம் கேட்குதாண்ணா? கேட்கலை பாருங்க" என்றான். உண்மையில் அது சரியான சோதனை. டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்பு சாவி ஆன் ஆனதும் ஓரிரு நொடி 'ங்ங்' என்று ஓடி நிற்க வேண்டும். என் வண்டியில் சத்தமே வரவில்லை. ஆனால் சத்தம் இல்லை என்றால் பம்பு செத்துவிட்டது என்று மட்டும் அர்த்தம் இல்லை, பம்புக்குக் கரண்டே போகாமலும் இருக்கலாம். ஃபியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் டப்பா), ஒயர், இன்னொன்றும் இருக்கிறது, வருகிறேன். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது.

"தம்பி, பின்னாடி இடிச்சதும்தான் நின்னுது" என்று நானே வாயைத் திறந்து சொன்னேன். அரை நொடி அவன் பார்வை பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்துக்குப் போய் வந்தது. நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அப்புறம், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைண்ணா, பம்பு போயிருச்சு, டேங்கை இறக்கணும்" என்றான்.

நாலு நாள் அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பில்லில் புதுப் பம்பு, ஃபில்டர், ரிலே, டேங்க் இறக்கி ஏற்றின கூலி, ஸ்கேனிங் சார்ஜ், இழுத்துப் போன வாடகை. மொத்தம் என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். பழைய பம்பை ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, "எவ்வளவு கருத்துப் போச்சு பாருங்கண்ணா" என்று காட்ட வேறு செய்தான். வண்டி முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுதான் இப்போது ரொம்பக் கூசுகிறது.

பதினோரு நாள் ஓடியது. முந்தாநாள் முழு லோடோடு ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கியது. டொம். இன்ஜின் ஆஃப். செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை. சாவியை ஆனில் வைத்துக் காது கொடுத்தேன், புதுப் பம்பிலும் சத்தம் இல்லை.

லாரி பட்டறையிலேயே தலை நரைத்த என் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "டேய், பக்கத்து சீட்டுக்காரன் கால் வைக்கிற இடத்துல கார்பெட்டைத் தள்ளிப் பாரு. ஒரு டப்பா இருக்கும், தலையில பட்டன் இருக்கும். மேல எழும்பி நிக்குதா? அமுக்கு."

அமுக்கினேன். க்ளிக். சாவியைத் திருப்பினேன், பின்னாலிருந்து 'ங்ங்' என்று சத்தம். ஸ்டார்ட்.

இனர்ஷியா சுவிட்ச் என்று பெயராம். உள்ளே ஒரு இரும்புக் குண்டை காந்தம் பிடித்து வைத்திருக்கும். பலமாக அதிர்ந்தால் குண்டு காந்தத்தை விட்டு எகிறி, பம்புக்குப் போகும் கரண்டை அறுத்துவிடும். விபத்தில் பெட்ரோல் பீய்ச்சி அடித்துத் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விஷயம்தான். பட்டனை அமுக்கினால் திரும்ப வேலை செய்யும். ஒரு விரல், ஒரு நொடி வேலை. அதற்கு ஒன்றரை மாதச் சம்பளம்!

நேற்றுக் காலை பெரியப்பாவே வந்து, கவரில் கிடந்த பழைய பம்பை வெட்டவெளிக்குக் கொண்டுபோய், நீள ஒயர் போட்டு பேட்டரியில் ஒரு நொடி தொட்டார். சுற்றியது. (இதை நீங்கள் செய்யாதீர்கள். அது காய்ந்து கிடந்த பம்பு, பெட்ரோல் வாடை இருந்தால் ஒரு பொறி போதும்.) அப்புறம் பில்லைப் பார்த்துச் சிரித்தார். இன்ஜின் கோளாறைப் படித்துச் சொல்லும் அந்த ஸ்கேனர் மாட்டுகிற 16 பின் சாக்கெட் 1996 மாடலிலிருந்துதான் அமெரிக்காவில் எல்லாக் கார், பிக்கப்புக்கும் கட்டாயமானது. என் வண்டியில் அந்தச் சாக்கெட்டே கிடையாது. எதில் மாட்டி ஸ்கேன் பண்ணினார்களோ!

பையனுக்குப் போன் போட்டேன். முதலில், "அண்ணா, பழைய பம்பு என்னைக்கு வேணா போகும், மாத்தினது நல்லதுதானே" என்றான். இரண்டாவது தடவை, "ஓனர்கிட்ட பேசுங்க" என்றான். ஓனர் மத்தியானம் கூப்பிடச் சொன்னார். மத்தியானம் கூப்பிட்டால் சாப்பிடப் போயிருக்கிறார். சாயங்காலம் நம்பர் பிசி, பிசி, பிசி. மச்சான் நம்பரிலிருந்து அடித்தால் உடனே ரிங் போகிறது, என்னை பிளாக் பண்ணியிருக்கிறார்கள்.

செயலியின் சாட்டில் மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன். "உங்கள் சிரமத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்." சரி, பணம்? "மெக்கானிக்கின் தொழில்நுட்ப முடிவில் நாங்கள் தலையிடுவதில்லை." ஒன்றரை மாதச் சம்பளம் அய்யா! "வண்டியை ஒப்படைத்த 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும்." ஏழாம் நாள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, எதை வைத்துப் புகார் செய்வேன்? கடைசியில் அடுத்த சர்வீஸுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பிவிட்டு சாட்டை மூடிவிட்டார்கள்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. இவ்வளவுதான்: செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை என்றால் சாவியை ஆனில் வைத்துப் பம்பு சத்தம் கேளுங்கள். சத்தம் இல்லையா, ஃபியூஸ், ரிலே பார்க்காமல் டேங்கில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அதே மாதிரி வேறு ரிலே வண்டியிலேயே இருந்தால் மாற்றிச் சொருகிப் பார்க்கலாம், காசு செலவில்லை. பம்புதான் என்று அடம்பிடித்தால், பம்பின் ஒயர் பிளக்கைக் கழற்றி அங்கே கரண்ட் வருகிறதா என்று உங்கள் கண்ணெதிரே மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். பம்பு ஓடுகிறதா, அப்படியானால் பெட்ரோல் பிரஷர், ஸ்பார்க், அது வேறு கதை, இன்னொரு நாள்.

இடித்தோ குழியில் விழுந்தோ நின்ற பழைய ஃபோர்டு என்றால் முதலில் அந்தப் பட்டன். ஆனால் அமுக்கும் முன் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், பெட்ரோல் ஒழுகினாலோ வாடை வந்தாலோ தொடவே தொடாதீர்கள்.