எடை கேட்காமல் விலை சொன்னவர்கள்: இரும்புப் பெட்டியை மாற்றப் போய் நாங்கள் பட்ட பாடு

வீடு மாற்றப் போகிறவர்கள், அதிலும் பெரிய இரும்புப் பெட்டி வைத்திருப்பவர்கள், ஆள் பிடிப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது 2024 மே மாதக் கடைசியில். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அப்பா இருந்தது தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம், காட்டை ஒட்டிய தோட்ட வீட்டில். ராகி போட்டால் காட்டுப்பன்றி வரும், சில வருடம் யானையும் வரும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். சுட்டதைவிட எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான் அதிகம். அதைப் பூட்டி வைக்க வாங்கியதுதான் அந்தப் பெட்டி. ஐந்தடி உயரம், இரட்டைச் சுவர், தீப்பிடித்தால் தாங்குவதற்காக நடுவில் நிரப்பிய கான்கிரீட். கதவின் உள்பக்கத் தகட்டில் எடை 420 கிலோ என்று பொறித்திருக்கும். அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட எனக்கு மனமில்லை. கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர ஒருவழியாகச் சம்மதித்தார். நிபந்தனை ஒன்றுதான். "பொட்டி வந்தா நானும் வரேம்மா."

இணையத்தில் தேடி, நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்குப் போன் செய்தேன். கட்டில், பீரோ, பிரிட்ஜ், பாத்திரம், அப்புறம் ஒரு இரும்புப் பெட்டி என்றேன். "எல்லாம் சேர்த்து 14,500, மேடம். நாலு ஆள், பெரிய வண்டி, இன்சூரன்ஸ் தனியா 1,500" என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. பெட்டி எத்தனை கிலோ, தரையில் போல்ட் போட்டிருக்கிறதா, வாசலில் படி உண்டா, புது வீட்டில் எந்த மாடி என்று ஒரு கேள்விகூட இல்லை. நான்தான் வலியப் போய் 420 கிலோ என்று சொன்னேன். "அதெல்லாம் நம்ம பசங்க பாத்துக்குவாங்க மேடம்" என்றார்கள். அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும். வாட்ஸப்பில் பெட்டியின் படத்தையும் எடைத் தகட்டின் படத்தையும் அனுப்பினேன். இப்போது வழக்குக்கு உதவுவது அது ஒன்றுதான்.

நான் செய்த இன்னொரு தவறு, அது துப்பாக்கி வைக்கிற பெட்டி என்று போனில் உளறியது. வந்த ஆட்கள் நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. நல்லவேளையாக மக்களவைத் தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தோம். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது இந்தப் பக்கம் எல்லோருக்கும் பழக்கம்தான். வீட்டில் இருந்திருந்தாலும் அதை லோடு வண்டியில் ஏற்றக் கூடாது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் லைசென்ஸோடு கையில் கொண்டுபோக வேண்டும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். பெரிய வண்டி என்றது 'சின்ன யானை' என்கிற குட்டி லோடு வண்டியாக வந்து நின்றது. அந்த வண்டி தாங்குவதே முக்கால் டன் அளவுதான், அதில் பாதிக்கு மேல் பெட்டிக்கே போய்விடும். டிராலி இல்லை, பெல்ட் இல்லை, உருட்டுவதற்குப் பைப் துண்டுகூட இல்லை. ஒரு கடப்பாரை, ஒரு நைலான் கயிறு, இரண்டு பலகை. ஆட்களில் ஒரு பையனுக்கு இருபது வயது இருந்தாலே அதிகம், காலில் ஹவாய் செருப்பு. 420 கிலோவை நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு 105 கிலோ, அதாவது இரண்டு சிமென்ட் மூட்டைக்கும் மேல். படியில் இறக்கும்போது கீழே நிற்கிறவன் மேல்தான் பெரும் பாரம் விழும். அந்தப் பையனைத்தான் கீழே நிறுத்தினார்கள்.

பெட்டியின் அடித்தட்டிலிருந்து தரைக்குள் நாலு போல்ட் இறக்கியிருந்தார் அப்பா. கதவைத் திறந்து உள்ளிருந்துதான் அவற்றைக் கழற்ற முடியும். அப்பா சாவி எடுக்கப் போன நேரத்தில் வெளியிலிருந்து கடப்பாரை போட்டு நெம்பிவிட்டார்கள். அடித்தகடு வளைந்தது, தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை இரண்டு கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. "பழைய தரைதானே ஐயா" என்றார் சூப்பர்வைசர். அப்பா ஒன்றும் பேசவில்லை. குனிந்து அந்தப் பெயர்ந்த சில்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்த மாதிரிப் பெட்டியில் கதவே தனி பாரம். திறந்த கதவோடு நகர்த்தினால் மொத்தமும் முன்பக்கம் கவிழும். பூட்டி, கைப்பிடியைத் துணி சுற்றிக் கட்டிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். அதையும் அப்பா சொல்லித்தான் செய்தார்கள். அந்த அவசரத்தில் உள்ளே சின்ன இழுப்பறையில் இருந்த காகிதங்களை எடுக்க மறந்துபோனோம். லைசென்ஸ் புத்தகம், துப்பாக்கியை ஒப்படைத்த ரசீது இரண்டுமே அதில்தான்.

வண்டி கிளம்பியது. நாங்கள் பின்னால் காரில் வந்தோம். ராயக்கோட்டை தாண்டியதும், தக்காளி லாரிகள் வரிசையாக நிற்கிற ஒரு இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார்கள். "ஹெவி ஐட்டம் சார்ஜ் 9,000 கொடுத்தாத்தான் வண்டி நகரும்" என்றார் சூப்பர்வைசர். போனில் மேடமாக இருந்த நான் தோட்டத்தில் அக்கா, நடுரோட்டில் "ஏங்க". எடையை முன்பே சொல்லிவிட்டேனே என்று வாட்ஸப்பைக் காட்டினேன். அது ஆபீஸ், நாங்க லேபர் என்றார். உச்சி வெயில், அப்பாவுக்குச் சர்க்கரை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பேரம் பேசி 6,000 அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகவில்லை, யாரோ ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருந்தது. அன்று நான் செய்திருக்க வேண்டியது, வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு 100-க்குப் போன் செய்வது. பொருளை நடுவழியில் நிறுத்தி வைத்துப் பணம் கேட்பது கூலித் தகராறு இல்லை, மிரட்டல். என் கை அப்போது நடுங்கிக்கொண்டிருந்தது, எண் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டு வாசலில் வண்டிக்கும் போர்டிகோவுக்கும் நடுவே அந்த இரண்டு பலகையைச் சாய்த்து அதன்மேல் பெட்டியைச் சறுக்க விட்டார்கள். ஒரு பலகை புரண்டது. பெட்டி தடாலென்று பக்கவாட்டில் விழுந்தது. அந்தப் பையனின் செருப்பு அடியில் சிக்கிக்கொண்டது. கால் தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம். மூன்று டைல்ஸ் நொறுங்கின. நிமிர்த்தி வைத்துச் சாவியைப் போட்டால் சாவி சுற்றுகிறது, கைப்பிடி அசையவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போக முடியாது, பேசியது வாசல் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி போர்டிகோவிலேயே நின்றது, தார்ப்பாய் போர்த்தி.

ஜூன் 6 அன்று தேர்தல் நடத்தை விதிகள் விலக்கப்பட்டன. தெரிந்தவர்கள் எல்லாம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போக, எங்கள் ரசீது பெட்டிக்குள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004-இல் பிரிந்த தனித்தனி மாவட்டங்கள் என்பதால் முகவரி மாற்றத்தையும் 30 நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும், அதற்கு வேண்டிய லைசென்ஸ் புத்தகமும் பெட்டிக்குள். பூட்டுக்காரர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்து, பாதி நாள் துளைபோட்டு, 7,500 ரூபாய் கொடுத்த பிறகு கதவு திறந்தது. விழுந்த அதிர்ச்சியில் உள்ளே இருக்கிற தாழ் தானாகவே இறங்கி மாட்டிக்கொண்டது என்றார். திருடன் உடைக்கும்போது இறங்குவதற்காக வைத்த தாழாம்.

பெட்டியை அறைக்குள் கொண்டுபோனது யார் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கிரானைட் பட்டறை. டன் கணக்கில் கல்லை நகர்த்துவதே அங்கே பிழைப்பு. இத்தனை வருடம் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்தவள் நட்சத்திரம் எண்ணி ஆள் பிடித்தேன். எதிர் வீட்டுக்காரர் சொல்லி ஒரு பட்டறை மேஸ்திரி வந்தார். பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் கேட்டது "எத்தனை கிலோம்மா?" அடுத்தது "எங்கே வைக்கப் போறீங்க?" மாடியில் அப்பா அறைக்கு என்றேன். வேண்டாம் என்றார். எங்கள் வீடு கட்டிய இன்ஜினியரைக் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் பொதுவாக வடிவமைப்பார்களாம், இரண்டடிச் சதுரத்தில் 420 கிலோவை நடுத்தளத்தில் நிறுத்துவது சரியில்லையாம். கீழேயே, இரண்டு சுவர் சேரும் மூலையில் என்று முடிவானது.

மேஸ்திரியோடு வந்தவர்கள் மூன்று பேர். டைல்ஸ் மேல் பிளைவுட் விரித்தார்கள். கடப்பாரையால் ஒரு இஞ்சு தூக்கி, கட்டை கொடுத்து, மறுபடி ஒரு இஞ்சு. அடியில் ஒன்றரை இஞ்சு ஜிஐ பைப் நாலு துண்டு. பெட்டி உருண்டு போகப் போகப் பின்னால் விடுபடுகிற பைப்பை எடுத்து முன்னால் போட்டார்கள். யாரும் மூச்சுப் பிடித்துத் தூக்கவே இல்லை. முக்கால் மணி நேரம், 2,500 ரூபாய், ஆளுக்கு ஒரு டீ.

இனி பில் விஷயம். இன்சூரன்ஸ் என்று 1,500 வாங்கினார்களே, பாலிசி எண் கேட்டபோது அவர்கள் போன் அணைந்தது, இன்றுவரை எரியவில்லை. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தேன். 15 எழுத்து இருக்க வேண்டும், 14 தான் இருந்தது. நம் மாநில எண் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் எந்தப் பெயரில் பதிவு என்று இலவசமாகவே காட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து நான் பார்த்திருக்கலாம். பொருளின் பட்டியலும் மதிப்பும் எழுதிய ரசீது வாங்காமல் வண்டி ஏற்ற விட்டதும் என் தப்புதான்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சரக்கு ஏற்றிச் செல்பவர் மேல் போவதென்றால், சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். நாங்கள் அனுப்பியது "முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது. அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

துப்பாக்கி வந்துவிட்டது. பெட்டிக்குப் புதுப் பூட்டு, புது போல்ட். போர்டிகோ டைல்ஸ் அதே நிறத்தில் கிடைக்கவில்லை, உடைந்த மூன்றின் மேல் மிதியடி போட்டிருக்கிறோம். அப்பாவின் அந்தத் தரைச் சில்லு பெட்டியின் மேல்தட்டில், துப்பாக்கி எண்ணெய்ப் புட்டி பக்கத்தில் இருக்கிறது.