இரண்டு நாவல், இரண்டு கத்தி: லாகோஸா, டோக்கியோவா?

"வயிற்றைக் கலக்கணும், சிரிக்கவும் வைக்கணும். ரெண்டு நாள்ல முடியணும்." புத்தகம் கேட்டு வரும் நண்பர்கள் இப்படிச் சொன்னால் நான் எடுத்துக் கொடுப்பது இரண்டு நாவல்களைத்தான். ஒன்று, நைஜீரிய எழுத்தாளர் ஓயின்கான் பிரெய்த்வெயிட் 2018-ல் வெளியிட்ட 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்'. இன்னொன்று, ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராதாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்'. 2016-ல் ஜப்பானின் முக்கிய இலக்கியப் பரிசான அகுதாகவா பரிசு வாங்கிய இந்த நாவலை ஜின்னி டாப்லி தாகெமோரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். எதை முதலில் படிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

முதல் நாவல் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் நடக்கிறது, ஒரு போன் அழைப்பில் தொடங்குகிறது. தங்கை அயூலா காதலனைக் கொன்றுவிட்டாள். இது மூன்றாவது ஆள். அக்கா கொரெடே ஒரு நர்ஸ். பதறுவாள், திட்டுவாள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவளோ ப்ளீச்சும் கையுமாக வந்து குளியலறையை இண்டு இடுக்கு விடாமல் தேய்க்கிறாள். ரத்த வாடையை ப்ளீச் எப்படி அமுக்கும் என்று நமக்கு விளக்கவும் செய்கிறாள். அப்புறம் பிணம் கார் டிக்கியில் ஏறுகிறது, தேர்ட் மெயின்லாண்ட் பாலத்திலிருந்து காயலில் விழுகிறது. இந்த நாவலின் சிரிப்பு இப்படித்தான் வருகிறது. நடந்திருப்பது கொலை, ஆனால் பேச்செல்லாம் வீடு துடைக்கும் பேச்சு. காதலன் காணாமல் போனதற்கு அழவேண்டியவள் சமூக ஊடகத்தில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்பதையும் அக்காதான் கவனிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அம்மாவுக்குச் செல்லப்பிள்ளை அழகான தங்கைதான். கொரெடே மனம்விட்டுப் பேசுவது மருத்துவமனையில் நினைவில்லாமல் படுத்திருக்கும் ஒரு நோயாளியிடம் மட்டும்.

படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. போலீஸ் கொரெடேயிடம் வரும்போதெல்லாம் 'மாட்டிக்கக் கூடாதே' என்று நானும் பதறுகிறேன். அந்த மூன்று ஆண்களுக்காக அப்படிப் பதறவில்லை. பிரெய்த்வெயிட்டின் சாமர்த்தியம் இதுதான். கொரெடேயின் பொறாமை, பாசம், களைப்பு எல்லாவற்றையும் அவ்வளவு நெருக்கமாகச் சொல்லி, நம்மையும் கூட்டாளியாக்கிவிடுகிறார்.

அயூலாவின் கத்தி அப்பா விட்டுச்சென்றது. அந்த அப்பா வீட்டில் எப்படி நடந்துகொண்டார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும்போது, முன்னால் சிரித்த இடங்களின் நிறமே மாறுகிறது.

டோக்கியோ நாவலிலும் ஒரு கத்தி வருகிறது. கேக் வெட்டிய சின்னக் கத்தி.

நாயகி கெய்கோவுக்கு வயது 36. ஒரே கன்வீனியன்ஸ் ஸ்டோரில், அதாவது அன்றாடச் சாமான் விற்கும் சின்னக் கடையில், 18 வருடமாகப் பகுதிநேர வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கும்போது குழந்தை அழுகிறது, தங்கை அதை அமர்த்தப் பாடுபடுகிறாள். கெய்கோவின் கண் மேஜைமேல் கிடக்கும் அந்தக் கத்தியில் நிற்கிறது. சத்தம் அடங்கினால் போதும் என்றால், அது சுலபமான வேலைதானே என்று மனதில் ஓடுகிறது. கோபம் கிடையாது, வன்மம் கிடையாது. அவள் எதுவும் செய்வதுமில்லை. கதை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று கொலைகளைச் சலனமில்லாமல் கடந்த எனக்கு, யாரும் கையில் எடுக்காத இந்தக் கத்திதான் பயத்தைக் கொடுத்தது.

இத்தனைக்கும் வாய்விட்டுச் சிரிக்க வைப்பது இந்த நாவல்தான். சிறுமி கெய்கோ பூங்காவில் ஒரு பறவை செத்துக் கிடப்பதைப் பார்க்கிறாள். மற்ற பிள்ளைகள் அழுகிறார்கள். இவள் அதை அம்மாவிடம் எடுத்துப்போய், "சாப்பிடலாமா?" என்கிறாள். அப்பாவுக்குச் சுட்ட கோழி பிடிக்குமே என்ற நல்லெண்ணம். பெரியவர்கள் அதிர்ந்துபோய் பறவையை அடக்கம் செய்யச் சொல்கிறார்கள். பிள்ளைகளோ அதற்குப் போட உயிரோடிருக்கும் பூக்களைப் பறித்துக் கொல்கிறார்கள். பறவைக்கு அழுகிறவர்கள் பூவுக்கு ஏன் அழவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. சரியாகத்தானே கேட்கிறாள் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. கலக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு ஷிராஹா என்று ஒருவன் வருகிறான். வேலையில் ஒழுங்காக நிற்காத, கற்காலத்திலிருந்து எதுவும் மாறவில்லை என்று ஓயாமல் புலம்பும் ஆள். அவன் புலம்பல் எனக்கு ஒரு கட்டத்தில் அலுத்தது. கெய்கோ அவனைத் தன் வீட்டில் தங்கவைக்கிறாள். அவன் குளியல் தொட்டியில் குடியிருக்கிறான், அவள் 'தீனி' போடுகிறாள். காதல் ஏதுமில்லை. வீட்டில் ஓர் ஆண் இருக்கிறான் என்று தெரிந்ததும் தங்கைக்கும் தோழிகளுக்கும் வரும் சந்தோஷம் இருக்கிறதே! 'எப்போ கல்யாணம்?' என்று கேட்டே ஆளைத் துளைக்கும் நம் ஊரில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. 18 வருடம் ஒழுங்காக வேலை செய்தவளை யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை.

லாகோஸ் நாவலிலும் குறை உண்டு. கொரெடே விரும்பும் டாக்டர் டாடே, தங்கையைப் பார்த்ததும் சொக்கிப்போவான் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவன் கடைசிவரை அழகுக்கு மயங்குகிற ஓர் ஆணாக மட்டுமே நிற்கிறான். ஆனால் குட்டிக் குட்டி அத்தியாயங்களின் ஓட்டத்தில் அந்தக் குறை உறுத்தாது.

அதனால் ரொம்ப நாளாகப் புத்தகமே தொடாதவருக்கு நான் லாகோஸைத்தான் கொடுப்பேன், ஒரு ராத்திரியில் முடித்துவிடுவார். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டோக்கியோ. அதைத் தங்கைக்கோ அண்ணனுக்கோ படிக்கக் கொடுத்து, அந்தக் கேக் கத்தியிடம் வந்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.