கல்லறைக் கல்லை பதிவு பண்ண எந்த ஆப்? பில்லியன்கிரேவ்ஸ், ஃபைண்ட் எ கிரேவ் ரெண்டையும் யூஸ் பண்றவனோட ரிவ்யூ

வம்சாவளி தேட ஆரம்பிக்கிறவங்க பாதி பேர் என்கிட்ட கேக்குறது இதுதான், கல்லறைத் தோட்டத்துல இருக்கிற கல்லையெல்லாம் போட்டோ எடுத்து ஏத்தி வைக்கணும், எந்த ஆப் போடட்டும்னு. நேராவே சொல்லிடறேன். நீங்க தோட்டத்துக்குள்ள நின்னு வரிசை வரிசையா கல்லை பதிவு பண்ணப் போறீங்கன்னா பில்லியன்கிரேவ்ஸ் போடுங்க. வீட்ல உக்காந்து ஒருத்தர் எங்க அடக்கமாயிருக்காரு, அவரோட அப்பா அம்மா யாருன்னு தேடப் போறீங்கன்னா ஃபைண்ட் எ கிரேவ் போடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனா உள்ள இருக்கிற யோசனையே வேற வேற.

பில்லியன்கிரேவ்ஸ் 2011ல வந்தது. அதுல வேலையே போட்டோவுலதான் ஆரம்பிக்குது. ஆப்பை திறந்து கல்லு முன்னாடி நின்னு க்ளிக் பண்ணா போதும், போட்டோ கூடவே அந்த இடத்தோட ஜிபிஎஸ் புள்ளியும் சேர்ந்து உக்காந்துரும், நீங்க பேரு கூட டைப் பண்ண வேண்டாம், அடுத்த கல்லுக்கு போயிட்டே இருக்கலாம். சிக்னல் இல்லாத இடத்துலயும் எடுக்கலாம், போன்லயே நிக்கும், நெட் கிடைச்சதும் மொத்தமா ஏத்திக்கலாம். பேரு, தேதி எல்லாம் பின்னாடி வெப்சைட்ல யார் வேணாலும் போட்டோவை பாத்து டைப் பண்ணி குடுக்கலாம், எங்கயோ இருக்கிற ஒரு தன்னார்வலர் உங்க போட்டோவை படிச்சு எழுதிருப்பாரு. வெயில்ல நிக்கிற வேலையையும் நிழல்ல உக்காந்து டைப் பண்ற வேலையையும் இப்படி பிரிச்சது பெரிய விஷயம்ங்க, ஏன்னா தோட்டத்துல நின்னு போன் கீபோர்டுல டைப் பண்றவங்க சீக்கிரமே சோர்ந்து போயிடுவாங்க, எழுத்துப் பிழையும் வரும்.

ஃபைண்ட் எ கிரேவ் ரொம்ப பழசு, 1995ல ஜிம் டிப்டன்னு ஒருத்தர் பிரபலங்களோட கல்லறையை பட்டியல் போட ஆரம்பிச்ச சைட், அப்புறம் எல்லாருக்கும் திறந்து விட்டு, 2013ல வம்சாவளி சைட் நடத்துற ஆன்செஸ்ட்ரி கம்பெனி வாங்கிடுச்சு. இன்னிக்கும் இலவசம்தான். இருக்கிற பதிவுகள் கோடிக்கணக்குல, அதனால தேடினா கிடைக்கிற வாய்ப்பு இங்கதான் அதிகம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனிப் பக்கம், அதுல அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க பக்கத்துக்கெல்லாம் லிங்க், ஒரு பக்கத்துல நுழைஞ்சா அப்படியே மூணு தலைமுறை மேல ஏறிடலாம். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது போட்டோ ரிக்வெஸ்ட். நமக்கு போக முடியாத தூரத்துல ஒரு கல்லறை இருந்தா கேட்டு வைக்கலாம், அந்தப் பக்கத்துல இருக்கிற யாராவது போய் எடுத்துப் போடுவாங்க, முன்னப் பின்ன தெரியாதவங்க, காசு வாங்காம. இந்த மாதிரி ஆளுங்களை நினைச்சா மனசு நிறைஞ்சு போகுது, உண்மையாவே.

ஆனா அந்த சைட்ல கல்லே இல்லாம ஒரு பக்கம் உருவாக்கலாம். இரங்கல் செய்தியை பாத்தோ, குடும்பத்துல சொல்லிக் கேட்டதை வெச்சோ ஒருத்தர் பக்கம் ஆரம்பிச்சுடலாம். இது தப்புன்னு சொல்ல வரல, கல்லு வைக்க வசதியில்லாம போனவங்க, கல்லு உடைஞ்சு காணாம போனவங்க எல்லாருக்கும் ஒரு இடம் வேணும்தானே, அவங்களையும் யாராவது பதிவு பண்ணணும். ஆனா தேடுறவங்க கவனமா இருக்கணும், போட்டோ இருக்கிற பக்கம் வேற, போட்டோ இல்லாத பக்கம் வேற. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துல, ஆன்லைன்ல யாரோ போட்ட ஒரு குடும்ப மரத்துல தாத்தாவுக்கு அப்பான்னு வேற ஒரு ஆளை சேத்து வெச்சிருந்தாங்க, பேரு ஒண்ணு, இனிஷியல் வேற. அதை பத்து பேர் காப்பி பண்ணிட்டாங்க, பத்து இடத்துல இருக்கிறதாலேயே அது உண்மை மாதிரி ஆயிடுச்சு. கடைசியில கல்லோட போட்டோ ஒண்ணு கிடைச்சு, அதுல இனிஷியலும் அப்பா பேரும் தெளிவா இருந்ததாலதான் பிரச்சனை தீந்தது. அதனாலதான் நான் போட்டோவுல ஆரம்பிக்கிற ஆப் பக்கம் நிக்கிறேன்.

ஜிபிஎஸ் பத்தி ஒரு விஷயம், எல்லாரும் அதை ரொம்ப நம்பிடறாங்க. திறந்த வானத்துக்கு கீழ போன் ஜிபிஎஸ் சுமாரா 5 மீட்டர் வரைக்கும்தான் சரியா காட்டும், மரத்தடியிலயோ உயரமான சுவர் பக்கத்துலயோ இன்னும் மோசம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர்தான் இருக்கும். அப்போ அந்தப் புள்ளி உங்களை சரியான வரிசைக்கு பக்கத்துல கொண்டு விடும், சரியான கல்லுக்கு முன்னாடி நிறுத்தாது. இது ஆப்போட குறை இல்ல, எந்த போன்லயும் அப்படித்தான். அதனால கல்லை நெருக்கமா ஒண்ணு, பக்கத்துல இருக்கிற கல்லுங்க தெரியுற மாதிரி தள்ளி நின்னு ஒண்ணு, ரெண்டும் எடுங்க. நாளைக்கு ஒருத்தர் தேடி வர்றப்போ வழி காட்டுறது அந்த ரெண்டாவது போட்டோதான். அதுவும் போக பக்கத்து கல்லுல இருக்கிறவங்க பெரும்பாலும் சொந்தக்காரங்களா இருப்பாங்க, கல்யாணமாகி பேரு மாறின பொண்ணுங்களை நான் கண்டுபிடிச்சது முக்காவாசி இப்படித்தான். கல்லோட பின்பக்கத்தையும் பாருங்க, சில கல்லுல பிள்ளைங்க பேரெல்லாம் பின்னாடிதான் இருக்கும்.

இப்போ எந்த ஆப்பும் செய்ய முடியாத வேலைக்கு வருவோம், எழுத்தை படிக்கிறது. சலவைக்கல்லு மழைத்தண்ணியில இருக்கிற அமிலத்துக்கு கரையுற கல்லு, வருஷம் போகப் போக எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்கி ஒரு கட்டத்துல வெறும் வெள்ளைப் பலகை மாதிரி ஆயிடும். மணற்கல்லு தகடு தகடா உரியும். கிரானைட் தாங்கும், நல்ல ஸ்லேட் கல்லுலயும் எழுத்து கூர்மையா நிக்கும். உச்சி வெயில்ல நேரா நின்னு சலவைக்கல்லை எடுத்தா ஒண்ணுமே தெரியாது, 3 எது 8 எதுன்னு தெரியாது, 1ம் 7ம் ஒண்ணா இருக்கும். இதுக்கு ஒரு கண்ணாடி போதும். முகம் பாக்குற கண்ணாடிதான், கொஞ்சம் பெருசா, ஆள் உயரத்துல பாதி இருந்தா நல்லது. வெயிலை அதுல வாங்கி கல்லோட பக்கவாட்டுல இருந்து, கல்லு முகத்தை ஒட்டுன மாதிரி வெளிச்சத்தை ஓட விடணும். கூட ஒருத்தர் இருந்தா அவரை மெதுவா கண்ணாடியை திருப்பச் சொல்லுங்க. வெளிச்சம் சாயச் சாய ஒவ்வொரு வெட்டுக்குள்ளயும் நிழல் விழும், இவ்ளோ நேரம் வெறும் பள்ளமா இருந்தது 8ஆ வந்து நிக்கும், நடுவுல அந்த சின்ன இடுப்பு தெரியும் பாருங்க, அப்பவே க்ளிக் பண்ணிடணும். ஒரே கோணத்துல எல்லா எழுத்தும் வராது, மேல் வரிக்கு ஒரு கோணம், கீழ் வரிக்கு ஒரு கோணம்னு நாலஞ்சு எடுத்து வெச்சு ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் படிக்கணும். மேகமா இருந்தா கல்லுக்கு நிழல் கட்டி பக்கவாட்டுல டார்ச் அடிச்சாலும் வேலை நடக்கும்.

கண்ணாடி கையில இல்லன்னு ஷேவிங் க்ரீம், மாவு, சாக்பீஸ்னு எதையாவது கல்லு மேல தேய்க்கிறவங்களை பாத்தா எனக்கு வயிறு எரியுது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஷேவிங் க்ரீம்ல அமிலம் இருக்கு, கல்லோட துளைக்குள்ள போயிட்டா கழுவினாலும் முழுசா வராது. மாவு பூஞ்சைக்கும் பாசிக்கும் சாப்பாடு. கம்பி பிரஷ், பிளீச், பாத்திரம் விளக்குற சோப்பு எதுவுமே கூடாது. ரொம்ப அழுக்கா இருந்தா, பராமரிக்கிறவங்க கிட்ட கேட்டுட்டு, சுத்தமான தண்ணியும் மிருதுவான பிரஷ்ஷும் மட்டும். காஞ்ச பாசியை சுரண்டி எடுத்தா கல்லோட மேல் தோலும் சேர்ந்து வந்துரும், எழுத்தும் அதோட போச்சு. கல்லு ஆடுதுன்னா கிட்டயே போகாதீங்க, சாஞ்சு நிக்கவும் செய்யாதீங்க, பழைய கல்லு விழுந்தா ஆளையே நசுக்கிடும்.

டைப் பண்றப்போ கல்லுல என்ன இருக்கோ அதை அப்படியே. எழுத்துப் பிழை இருந்தா பிழையோடயே, வரி எங்க முடியுதோ அங்க ஒரு சாய்கோடு, படிக்க முடியாத இடத்துல சதுர அடைப்பு. திருத்தி நல்லதா எழுதுறது உதவி மாதிரி தெரியும், ஆனா அடுத்து படிக்கிறவருக்கு கல்லு சொன்னது எது, நீங்க சொன்னது எதுன்னு தெரியாம போயிடும். உங்க கருத்தை குறிப்புல தனியா போடுங்க, ரெண்டு ஆப் பதிவுலயும் ஒட்டாம உங்க எக்ஸெல்லயே கூட வெச்சுக்கலாம். தமிழ் எழுத்துல இருக்கிற கல்லுன்னா தமிழ்லயும் எழுதுங்க, பேரை இங்கிலீஷ் எழுத்துலயும் எழுதுங்க, தேடுறவங்க எந்த எழுத்துல தேடுவாங்கன்னு நமக்கு தெரியாது.

தேதி விஷயத்துல ஆப் உங்களுக்கு உதவாது, தேதி போட ஒரு கட்டம்தான் குடுக்கும், யோசிக்கிறது நீங்கதான். கல்லுல பிறந்த தேதி இல்லாம 72 வருஷம் 3 மாசம் 5 நாள் வாழ்ந்தார்னு இருந்தா இறந்த தேதியில இருந்து கழிச்சு பிறந்த நாளை எடுக்கலாம், ஆனா அதை கணக்கு போட்டு எடுத்ததுன்னு குறிப்புல சொல்லணும். முஸ்லிம் அடக்கத்தலத்துல இருக்கிற மீசான் கல்லுல ஹிஜ்ரி வருஷம், அதாவது நிலாக் கணக்கு இஸ்லாமிய வருஷம் இருக்கும், அது 354 அல்லது 355 நாள், அதனால வயசும் ஹிஜ்ரி கணக்குல போட்டிருந்தா 66ன்னு இருக்கிறது நம்ம கணக்குல சுமார் 64தான். யூத கல்லறைகள்ல நாள் சூரியன் அஸ்தமிச்சதும் மாறிடும், ராத்திரி இறந்தவருக்கு ஒரு நாள் தள்ளி இருக்கும். பழைய இங்கிலீஷ் கல்லுங்கள்ல 1752க்கு முன்னாடின்னா வருஷம் மார்ச் 25லதான் பிறக்கும், அதனால ஜனவரி, பிப்ரவரி தேதிக்கு 1741/42ன்னு ரெண்டு வருஷம் வெட்டியிருப்பாங்க, ஒண்ணை மட்டும் எடுத்துப் போட்டுடாதீங்க.

இதையெல்லாம் விட முக்கியம், கல்லு சொல்றதாலேயே எல்லாம் சரின்னு ஆயிடாது. நிறைய கல்லு இறந்து பல வருஷம் கழிச்சு வைக்கிறது, பிள்ளைங்க ஞாபகத்துல இருந்து சொன்னதை கல்தச்சர் வெட்டியிருப்பாரு. உடம்பு அங்க இல்லாம வெறும் நினைவுக்காக வைக்கிற கல்லும் உண்டு. அடக்க ரிஜிஸ்டர் கிடைச்சா ஒத்துப் பாருங்க, ரெண்டும் மாறினா ரெண்டையும் எழுதி வைங்க. ரெண்டு உலகப் போர்ல இறந்த காமன்வெல்த் வீரர்கள்னா இந்தக் கஷ்டமே வேண்டாம், 1917ல ஆரம்பிச்ச காமன்வெல்த் போர் கல்லறை ஆணையம் சுமார் 17 லட்சம் பேரை பதிவு பண்ணி இலவசமா தேட விட்டிருக்கு, முதல்ல அங்க பாத்துட்டு உங்க நேரத்தை யாரும் பதிவு பண்ணாத கல்லுக்கு குடுங்க.

ஜோடிக் கல்லுல ஒருத்தர் இறந்து இன்னொருத்தர் உயிரோட இருப்பாரு, அவரோட பேரும் பிறந்த வருஷமும் முன்னாடியே வெட்டி வெச்சிருப்பாங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு பக்கம் போடக்கூடாதுங்கிறது ஃபைண்ட் எ கிரேவ் விதி, எந்த ஆப்பா இருந்தாலும் நீங்களும் அப்படியே நடந்துக்கோங்க. அதே சைட்ல உங்க தாத்தா பக்கத்தை வேற யாரோ ஆரம்பிச்சிருந்தா சண்டை போட வேண்டாம், நாலு தலைமுறைக்குள்ள வர்ற நேரடி சொந்தம்னா பக்கத்தை உங்க பேருக்கு மாத்தித் தரச் சொல்லி கேக்கலாம், இல்லன்னா திருத்தம் சொல்லி அனுப்பலாம்.

எதுல ஏத்தினாலும் ஒரிஜினல் போட்டோ உங்க கையில இருக்கணும், தோட்டம் பேரு, வரிசை, கல்லு நம்பர்னு ஃபைலுக்கு பேரு வெச்சு ரெண்டு இடத்துல சேவ் பண்ணுங்க. சொந்தக்காரங்க குரூப்புக்கு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சைஸும் குறையும், உள்ள இருக்கிற இடக் குறிப்பும் போயிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

பில்லியன்கிரேவ்ஸுக்கு 5க்கு 4 குடுப்பேன், பதிவு பண்றவனுக்கு இதை விட வேகமான வழி கிடையாது, ஒண்ணு குறைச்சது பதிவுகள் எண்ணிக்கைக்காக, தேடுறப்போ இல்லன்னு வர்றது அதிகம். ஃபைண்ட் எ கிரேவுக்கும் 4, அங்க குறைச்சது போட்டோ இல்லாத பக்கங்களுக்காக. ரெண்டோட இன்டெக்ஸும், அதாவது பேர்ப் பட்டியலும், ஃபேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி சைட்லயும் கிடைக்கும், அதுவும் இலவசம், அதனால ஒரே தேடல்ல ரெண்டையும் பாத்துடலாம். பில்லியன்கிரேவ்ஸ்ல பிளஸ்னு காசு கட்டுற பிளான் ஒண்ணு இருக்கு, ஒரு கல்லுக்கு பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு காட்டுறது மாதிரி வசதியெல்லாம் அதுலதான். தூரத்துல இருந்து தேடுறவங்களுக்கு அது பிரயோஜனமான விஷயம்தான், ஆனா போட்டோ எடுக்கவும் ஏத்தவும் டைப் பண்ணவும் அது தேவையே இல்ல, தோட்டத்துக்கு நேர்ல போறவங்க இலவச அக்கவுண்ட்லயே ஆரம்பிங்க.