ஹார்டு டிஸ்க் தட்டை லேசர் மிரராக்கி நெடுநாள் ஓட்டிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழித்துப்போட்ட ஹார்டு டிஸ்க்கில் இருந்து எடுத்த தட்டு, வெட்டுக் கருவிகளில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு உண்மையாகவே வேலை செய்யும் மிரர். சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணுக்குத் தெரியும் லேசர்களுக்கு அது சுமார்தான். பார்க்கப் பளபளவென்று இருப்பதால் பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு நன்றாக இருக்கும், வெட்டுகிற லேசருக்குத் தாங்காது என்று. சில வருடங்களாக 40 வாட் வெட்டுக் கருவியிலும் மேசைச் சோதனைகளிலும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டியதில் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தட்டின் அருமை அதன் பளபளப்பில் இல்லை, மேற்பரப்பில் இருக்கிறது. டிஸ்க் ஓடும்போது தரவைப் படிக்கும் தலை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறந்தாக வேண்டும். அதற்காகவே தட்டை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான கரடுக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எந்தப் பாலிஷ் பசையை வைத்துத் தேய்த்தாலும் அந்த நிலையை எட்ட முடியாது. 3.5 அங்குல டிரைவில் பெரும்பாலும் அலுமினியம்-மக்னீசியக் கலவைத் தட்டு இருக்கும். அதன் மேல் பத்து மைக்ரான் அளவுக்கு நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு. பாலிஷ் போடுவது இந்தப் பூச்சின் மேல்தான். வெறும் அலுமினியம் மிருதுவானது, இவ்வளவு நயமாக வராது. அதற்கு மேல் கோபால்ட் கலவையிலான காந்த அடுக்குகள், பிறகு வைரம் போலக் கெட்டியான கார்பன் உறை, கடைசியில் ஒரு நானோமீட்டர் அளவில் மசகு. கார்பன் உறையும் மசகும் சேர்ந்தே சில நானோமீட்டர்தான் என்பதால் ஒளியை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. ஒளியைத் திருப்புவது அடியில் இருக்கும் கோபால்ட்டும் நிக்கலும்.

இங்கேதான் அலைநீளம் வந்து நிற்கிறது. கோபால்ட், நிக்கல், குரோமியம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதி வெப்பமாகிவிடும். அலுமினியம் பூசிய முன்பரப்பு மிரர் (பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இல்லாமல் முன்பக்கத்தில் இருப்பது) அதே ஒளியில் 90 சதவீதம் வரை தரும். ஆனால் 10.6 மைக்ரான் அகச்சிவப்புக்குப் போனால் எந்த உலோகமும் இன்னும் நல்ல மிரராகிவிடுகிறது. அங்கே இந்தத் தட்டும் 90 சதவீதத்துக்கு மேல் தருகிறது. 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரின் வழக்கமான அலைநீளம் இதுதான். இன்றைக்கு மேசை மேல் வைக்கிற வெட்டுக் கருவிகள் பலவற்றில் ஓடுவதும் இதே.

90 நல்ல எண்ணாகத் தோன்றும். ஆனால் வெட்டுக் கருவியில் கதிர் மூன்று மிரர்களில் பட்டுத்தான் லென்சுக்கு வருகிறது. கடையில் வாங்கும் தங்கம் பூசிய சிலிக்கான் மிரரை 98 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் தாண்டி 94 சதவீதம் மிஞ்சும். மூன்றிலும் 90 சதவீதத் தட்டு என்றால் மிஞ்சுவது 73 சதவீதம்தான். 40 வாட் லேசர் குழாயில் அது கிட்டத்தட்ட 8 வாட் வித்தியாசம். மூன்றையும் தட்டாக மாற்றி ஓட்டியபோது 3 மி.மீ. அக்ரிலிக்கை முன்பு வெட்டிய வேகத்தில் வெட்ட முடியவில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு மிரரை மட்டும் தட்டாக மாற்றியபோது வித்தியாசத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே எத்தனை போடுகிறோம், எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் கருவியில் தட்டு நிலையாகக் குடியிருப்பது மூன்றாவது இடத்தில், லென்சுக்கு நேர் மேலே. புகையும் பிசினும் முதலில் வந்து படிவது அங்கேதான். தங்கப் பூச்சு மிக மிருதுவானது. நாலு தடவை துடைத்தால் நுண்ணிய கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும், அழுக்கு சூடாகும், பூச்சு எரியும். அந்த இடத்தில் தங்க மிரர் நெடுநாள் நின்றதே இல்லை. தட்டின் கார்பன் உறை, படிக்கும் தலை வந்து மோதினாலும் தாங்கட்டும் என்று போட்டது. பயப்படாமல் துடைக்கலாம். அழுக்கடைந்த தங்க மிரரைவிடச் சுத்தமான தட்டு அதிக ஒளி கொடுக்கிறது என்பதை வெட்டும்போதே பார்க்கிறேன். முதல் இரண்டு இடங்களில் நல்ல மிரர், மூன்றாவதில் தட்டு: இந்த அமைப்பை மாற்ற எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் மூன்றாவது இடத்துக்கு மாலிப்டினம் மிரரைச் சொல்வேன். அதுவும் கெட்டியானது, துடைப்பைத் தாங்கும், பிரதிபலிப்பும் தட்டைவிடக் கூடுதல்.

டிரைவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 1980களின் பழைய டிரைவுகளில் பழுப்பு நிற இரும்பு ஆக்சைடு பூசிய தட்டு வரும், அது மிரரே இல்லை. 2.5 அங்குல மடிக்கணினி டிரைவுகளில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு. 3.5 அங்குலத்திலும் சில மாடல்களில் கண்ணாடி உண்டு. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அதற்கு உதாரணம். கண்ணாடித் தட்டும் உலோகத் தட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கண்ணாடித் தட்டை வளைத்தால் சட்டென்று நூறு துண்டாகச் சிதறும், வெட்டக் கருவி வைத்தாலும் அதே கதி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துளை ஓரத்தின் அடிப்பக்கத்தை ஊசி முனையால் கீறிப் பாருங்கள். உலோகமானால் கோடு விழும், கண்ணாடியானால் ஊசி வழுக்கும். வெப்பத்தைக் கடத்தாது என்பதால் கண்ணாடித் தட்டு வெட்டும் லேசருக்கு எப்படியும் ஆகாது.

திறப்பதற்கு டி8, டி6 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் திருப்புளி) முனைகள் போதும். ஒரு திருகு லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்கள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்போது விரல் நடுவில் சிக்கினால் தோல் கிழியும். தலை மோதிக் கெட்டுப்போன டிரைவானால் தட்டில் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் பாருங்கள். 1990களின் சில டிரைவுகளில் உள்வட்டத்தை ஒட்டி, தலை இறங்கி நிற்பதற்காக வேண்டுமென்றே நுண்ணிய மேடுகள் போட்டிருப்பார்கள். மங்கலான வளையமாகத் தெரிகிற அந்தப் பகுதியைத் தவிர்க்க வேண்டும்.

வெட்டும் வேலைதான் இதில் பாதி. 3.5 அங்குல டிரைவின் தட்டு 95 மி.மீ. விட்டம், நடுவில் 25 மி.மீ. துளை. இடையில் 35 மி.மீ. அகல வளையம் கிடைக்கிறது. கணக்காக வைத்தால் 25 மி.மீ. வட்டங்கள் ஆறு எடுக்கலாம். தகரக் கத்தரியால் வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டு முடிந்ததும் ஓரம் வளைந்திருக்கும், அந்த வளைவு உள்ளே பல மி.மீ. வரை ஓடியிருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, கதிர் பட்டால் தெரியும். வட்டமாக அறுக்கும் ஹோல் சா நல்ல வழி, ஆனால் அதன் நடுவில் இருக்கும் வழிகாட்டி டிரில்லைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிரரின் நட்ட நடுவில் ஓட்டை விழும். தட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையில் இறுக்கி, மேல் பலகையில் முன்பே போட்ட வட்டத் துளையை வழிகாட்டியாக வைத்து, டிரில் பிரஸ்ஸில் மெதுவான வேகத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே இறக்கினால் வட்டம் சுத்தமாக வரும். டிரில் பிரஸ் இல்லாதவர்கள் நகை வேலை ரம்பத்தால் அறுத்து அரத்தால் ஓரத்தைச் சீர் செய்யலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வளைவு மிகக் குறைவு. தூள் பறக்க விடாதீர்கள். நிக்கலும் கோபால்ட்டும் மூச்சில் போகக் கூடாத பொருட்கள், தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஈரமாகவே அறுப்பது, முகக்கவசம், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பது மூன்றையும் விட்டுவிடக் கூடாது.

தடிமன்தான் அடுத்த சிக்கல். கடை மிரர் பெரும்பாலும் 3 மி.மீ. தடிமன் இருக்கும், தட்டு 1.27 மி.மீ.தான், சிலவற்றில் 0.8 மி.மீ. பின்பக்கத்தை ஆதாரமாகக் கொண்ட தாங்கியில் அப்படியே வைத்தால் பிரதிபலிக்கும் முகம் 1.73 மி.மீ. பின்னால் போய்விடும். 45 பாகையில் நிற்கும் மிரர் இப்படிப் பின்னால் போனால் கதிர் பக்கவாட்டில் அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது சுமார் 2.4 மி.மீ. விலகும். 12 மி.மீ. லென்சின் மையத்தில் பட வேண்டிய கதிருக்கு அது பெரிய விலகல். கோணத்தைத் திருகித் திருகி இதைச் சரிசெய்யப் பார்த்தால் கதிர் சாய்வாக இறங்கி, வெட்டு விளிம்பும் சாய்ந்துவிடும்.

மெல்லிய தட்டைத் தனியாக வளையத்தில் இறுக்கினாலும் வளையும். அப்போது வட்டப் புள்ளி நீள்வட்டமாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்து எனக்குக் கைகொடுத்த வழி, தட்டுக்குத் தட்டையே முட்டுக் கொடுப்பது. ஒரே அளவு வட்டத் துண்டுகள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டினால் 2.54 மி.மீ. கிடைக்கிறது. மீதிக்கு அரை மி.மீ. அலுமினியத் தகடு. இரண்டு முகமும் நல்ல சமதளம் என்பதால் ஒன்று மற்றொன்றை இழுத்து வளைக்காது. நடுவில் புராசசருக்குப் போடும் வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவி, ஓரத்தில் மூன்று இடத்தில் மட்டும் சிலிகோன் பசை வைக்கிறேன். முழுப்பரப்பிலும் எபாக்சி பூசினால் அது இறுகும்போது சுருங்கி மிரரை இழுத்துவிடும். இதில் இன்னொரு நன்மை, முன்முகம் கெட்டால் பிரித்துப் பின்துண்டை முன்னால் கொண்டுவரலாம்.

சமதளம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நீளமான டியூப் லைட்டின் பிம்பத்தைத் துண்டில் ஓரமிருந்து ஓரம் நகர்த்திப் பாருங்கள். கோடு எங்காவது வளைந்தால் அங்கே தட்டு வளைந்திருக்கிறது. அடுத்து, சக்தி குறைந்த சிவப்பு லேசரை அதில் பட்டுத் தூரச் சுவரில் விழ வைத்து, மிரர் இல்லாமல் அதே மொத்தத் தூரத்தில் விழும் புள்ளியோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டிலும் தேறிய துண்டு 10.6 மைக்ரானில் என்னைக் கைவிட்டதில்லை. அலைநீளம் சிவப்பைவிடப் பதினாறு மடங்கு நீளம் என்பதால் சிறு குறைகளை அது பொறுத்துக்கொள்கிறது.

துடைப்பதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் லென்ஸ் துடைக்கும் தாளும் போதும். முக்கியமானது எப்போது துடைக்கிறோம் என்பது. புகைப்படிவு மெல்லிய மஞ்சள் படலமாக இருக்கும்போது ஒரே இழுப்பில் போய்விடும். விட்டு வைத்தால் அது லேசரை உறிஞ்சிச் சூடாகி, அந்த இடத்தில் கார்பன் உறையோடு சேர்ந்து கருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு எதைக் கொண்டு துடைத்தாலும் மங்கல் புள்ளி போகாது. கதிர் படும் புள்ளி மிரரின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால், மிரரைத் திருப்பி வைத்துப் புதுப் பரப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எப்போதாவது நீண்ட வேலைக்குப் பிறகு கருவியை நிறுத்தி மிரர் தாங்கியைத் தொட்டுப் பார்ப்பேன். வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் துடைக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியும் லேசர்களுக்கு என் பரிந்துரை வேறு. பழைய பிளாட்பெட் ஸ்கேனரில், சிசிடி வகையாக இருந்தால், நீளநீளமான முன்பரப்பு மிரர் பட்டைகள் கிடைக்கும். லேசர் பிரிண்டரிலும் உண்டு. அவை கண்ணாடி மேல் அலுமினியம் பூசியவை, சிவப்பு லேசருக்குத் தட்டைவிட வெளிச்சம் அதிகம். ஆனால் அவற்றை வெட்டும் லேசரில் வைக்கக் கூடாது. வெப்பம் போக வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். குளியலறைக் கண்ணாடி போன்ற பின்பூச்சு மிரர் இன்னும் மோசம், 10.6 மைக்ரானைக் கண்ணாடியே உறிஞ்சிவிடும். தட்டில் இருந்து வெட்டிய சிறு துண்டை, மிரரை வேகமாக ஆட்டும் கால்வோ மோட்டாரில் ஒட்டி ஒளிக்கோலம் வரைந்திருக்கிறேன், அதற்கு நன்றாகவே இருந்தது. ஹீலியம்-நியான் லேசர் குழாயின் இரு முனையிலும் ஒளியை முன்னும் பின்னும் திருப்பும் ஒத்ததிர்வு மிரராக இதை வைக்க நினைப்பவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் குழாயில் ஒளி ஒருமுறை கடக்கும்போது பெருகுவது ஓரிரு சதவீதம்தான், அதற்கு 99க்கு மேல் திருப்பும் பல அடுக்கு மிரர் வேண்டும்.

மிரரை மாற்றிய பிறகு சீரமைக்கும்போதுதான் விபத்து நடக்கிறது. 10.6 மைக்ரான் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணின் முன்படலத்தை (கார்னியா) நொடியில் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறந்து வைத்துச் சுடாதீர்கள். மிரருக்கு முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, மிகக் குறைந்த சக்தியில் ஒரே துடிப்பு விட்டு, கருகிய புள்ளியைப் பார்த்துத் திருகை நகர்த்துங்கள். டேப் தட்டின் முகத்தில் நேராக ஒட்டக் கூடாது, தாங்கியின் விளிம்பில்தான் ஒட்ட வேண்டும். முகத்தில் ஒட்டினால் புகை முழுவதும் புது மிரரிலேயே போய்ப் படியும்.