எட்டு ஆண்டுகள், ஒரு செயின்சா, ஒரு சிறிய அரம்

எட்டு ஆண்டுகளாக ஒரே செயின்சாவைத்தான் வைத்திருக்கிறேன். பெட்ரோலில் ஓடுவது. சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகடு, அதாவது பார், 16 அங்குலம். விறகைத் துண்டு போடுவதும் காற்றில் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்துவதும் அதன் வேலை. இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒருமுறை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டி வந்தது. பல மாதம் பழைய பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டிருந்தேன். அதனால் வந்த வினை. இப்போது லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில் என்ற கணக்கில், அன்றைய வேலைக்குத் தேவையானதை மட்டுமே கலக்கிறேன். பாருக்கான எண்ணெயையும் கூடவே நிரப்பிவிடுவேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் குதிரைத் திறனைத்தான் கேட்கிறார்கள். நான் சங்கிலியின் கூர்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். கூரான சங்கிலி கட்டையைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், சீவல் சீவலாக வெளியே தள்ளும். மாவு போல் தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது நாம் அழுத்தத் தொடங்குகிறோம். கை சோர்கிறது, கட்டை அறுந்து விழும் நொடியில் இயந்திரம் காலை நோக்கிப் பாய்கிறது.

இரண்டாம் ஆண்டு, மாலை நேரம், கடைசிக் கட்டை. சங்கிலி மழுங்கியது தெரிந்தும் அழுத்தி அறுத்துக்கொண்டிருந்தேன். பாரின் நுனி, பின்னால் கிடந்த இன்னொரு கட்டையில் பட்டது. நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டால் பல் கவ்வி, ரம்பம் முழுவதும் நம் முகத்தை நோக்கி எகிறும். கிக்பேக் என்பது இதுதான். படித்திருந்தேன். ஆனாலும் அது நடந்தபோது யோசிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. இடது மணிக்கட்டு முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்புத் தகட்டில் மோதியது, அது தள்ளப்பட்டதும் பிரேக் விழுந்தது, சங்கிலி நின்றது. என் நெற்றிக்கு ஒரு சாண் தொலைவில் பாரின் நுனி நின்றதை இன்னும் மறக்கவில்லை. இடது கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி இறுகப் பிடித்திருந்ததால்தான் பிடி நழுவவில்லை. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு வெட்டும் வெட்டுவதில்லை. தோளுக்கு மேல் உயர்த்தியும் அறுப்பதில்லை.

கால்களை மறைக்கும் பாதுகாப்புக் கவசத்தை அடுத்த வாரமே வாங்கினேன். உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தால் இழைகள் உருவி வந்து பற்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். வெயிலில் வேர்த்துக் கொட்டும், உண்மைதான். அதற்காக அதைக் கழற்றி வைக்க யாருக்கும் சொல்லமாட்டேன். காதுக்காப்பும் அப்படித்தான்: இந்த இயந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும்.

பார் கட்டைக்குள் சிக்கிக்கொள்வது புதியவர்களை அதிகம் படுத்துகிறது. இரு முனையும் தாங்கலில் இருந்தால் நடுவில் மேற்புறம் நெருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கீழிருந்து. பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் பல் போய்விடும்.

நின்ற மரத்தை வீழ்த்துவது வேறு கலை. மரத்தின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அறுக்காமல், மரம் மடிந்து சாய்வதற்கான கீலாக விட வேண்டும், விழும் திசைக்கு எதிர்ப்புறத்தில் சாய்வாக இரண்டு ஓடுவழிகளை முன்பே துப்புரவாக்கி வைக்க வேண்டும். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். சாய்ந்ததோ, உள்ளே உளுத்ததோ, வேறு மரத்தில் மாட்டியதோ என்றால் தொடுவதே இல்லை, அனுபவசாலியை அழைக்கிறேன்.

அரம் போட எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. 4 மி.மீ. உருண்டை அரம், 30 பாகைச் சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு, எப்போதும் முன்னோக்கி மட்டும். பல் கூராகும்போது அரத்தின் ஓசை மாறும். கரகரப்பு போய் ஒரே சீரான இழுப்பாகக் கேட்கும். அந்த ஓசை வந்ததும் அடுத்த பல்லுக்குப் போவேன்.