அரைவேக்காட்டு முட்டை: பச்சைத் தண்ணீரா, கொதிநீரா, இட்லிப் பானை ஆவியா?

ஓட்டோடு வேகவைத்த முட்டை. உரித்தால் வெள்ளைக்கரு உடையாமல் நிற்க வேண்டும், வெட்டினால் மஞ்சள்கரு தேன் மாதிரி வழிய வேண்டும். தோசைக்கல்லில் உடைத்து ஊற்றும் ஆஃப் பாயில் வேறு, அதை இங்கே எடுக்கவில்லை. இந்த அரைவேக்காட்டுக்கு நம் வீடுகளில் நாலைந்து வழிகள் புழங்குகின்றன. எப்போதாவது ஒரு நாள் நல்ல பதம் கிடைக்க எந்த வழியும் போதும். நேற்று வந்த பதம் நாளைக்கும் வர வேண்டுமென்றால் அவற்றில் பாதி தேறாது.

முட்டைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் புரிந்துவிடும். வெள்ளைக்கருவில் பல புரதங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே சூட்டில் உறைவதில்லை. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் 61, 62 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். வெள்ளை பால் நிறத்துக்கு மாறுவது அப்போதுதான். ஆனால் வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கும் மேல் இருப்பது ஓவல்புமின். அது கெட்டிப்பட ஏறக்குறைய 80 டிகிரி வேண்டும். மஞ்சள்கருவோ 65 டிகிரியில் தடிக்க ஆரம்பித்து 70 டிகிரியில் இறுகிவிடும். ஆக வெளியே இருப்பதற்கு அதிகச் சூடு தேவை, உள்ளே இருப்பதற்குக் குறைந்த சூடு தேவை. வெள்ளையைச் சட்டென்று நல்ல சூட்டுக்குக் கொண்டுபோய், அந்தச் சூடு நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் முட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். வேகமும் நேரக்கணக்கும்தான் இங்கே எல்லாம்.

அதனாலேயே பெரும்பாலான வீடுகளில் செய்கிற முறை, அதாவது பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பில் ஏற்றுவது, அரைவேக்காட்டுக்கு ஒத்துவராது. முழுவேக்காட்டு முட்டைக்கு அது போதும், அங்கே இரண்டு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. அரைவேக்காட்டில் அரை நிமிடமே பதத்தை மாற்றும். பச்சைத் தண்ணீர் எப்போது கொதிக்கும் என்பது பாத்திரத்தின் அளவு, தண்ணீரின் அளவு, பர்னரின் அளவு, சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கிறதா என்பது வரை எத்தனையோ சங்கதிகளைப் பொறுத்தது. கடிகாரத்தை எந்த நொடியில் தொடங்குவது என்பதே தெளிவாக இல்லாத முறை இது. அப்புறம் இன்னொரு குறை: மெதுவாகச் சூடேறும்போது வெள்ளைக்கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது பாதி வெள்ளை ஓட்டோடு போய்விடும். பாதி வெந்த மென்மையான முட்டையில் இந்தச் சேதம் இரட்டிப்பாகத் தெரியும்.

கொதிநீரில் போடுவது இதைவிடப் பல மடங்கு மேல். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு குழிக்கரண்டியில் முட்டையை வைத்து மெல்ல இறக்கி, அந்த நொடியில் கடிகாரத்தைத் தொடங்கினால் போதும். தண்ணீர் 100 டிகிரி, உங்கள் அடுப்பிலும் என் அடுப்பிலும் அதேதான். பிறகு தீயைக் கொஞ்சம் குறைத்து, லேசாகக் கொப்புளம் வரும்படி வைத்தால் முட்டைகள் ஒன்றோடொன்று முட்டி விரிசல் விடாது.

எத்தனை நிமிடம்? வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் 6 நிமிடம் என்று சொல்லும். அதை அப்படியே நம்பிப் போட்டால் நம் ஊரில் மஞ்சள்கரு இறுகிப்போக வாய்ப்பு அதிகம். அவர்கள் கணக்கு ஃப்ரிட்ஜிலிருந்து, 4 டிகிரியில் எடுத்த பெரிய முட்டைக்கானது. நமக்குக் கடையில் முட்டை அட்டையிலேயே வெளியில் இருக்கும், பல வீடுகளிலும் கூடையில்தான் இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ அந்த முட்டை 30 டிகிரியில் தொடங்குகிறது. வெப்பம் பரவும் கணக்குப்படி பார்த்தால் அதற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறைவாகப் போதும். அளவும் சேர்ந்துகொள்கிறது. எடை இரண்டு மடங்கானால் வேகும் நேரம் ஏறக்குறைய 1.6 மடங்காகும். பண்ணை முட்டை 55 கிராம், நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் இங்கே இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

ஃப்ரிட்ஜில் இருந்த பண்ணை முட்டைக்கு 6 நிமிடம், வெளியில் இருந்த பண்ணை முட்டைக்கு 5, வெளியில் இருந்த நாட்டு முட்டைக்கு 4 என்று தொடங்குங்கள். மஞ்சள்கரு வழியாமல் அல்வா பதத்துக்குக் கொஞ்சம் இறுக வேண்டுமென்றால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். ஒரே பாத்திரத்தில் நாட்டு முட்டையையும் பண்ணை முட்டையையும் சேர்த்துப் போடுவது மட்டும் வேண்டாம். கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கே அரை நிமிடம் கூடுதலாக வேண்டும்.

கொதிநீர் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு லிட்டர் கொதிநீரில் குளிர்ந்த முட்டை ஆறு போட்டால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வரும் வரைக்கும் உங்கள் நேரக்கணக்கு பிசகும். இரண்டு முட்டைக்குச் சரியாக இருந்த நிமிடம் ஆறு முட்டைக்குப் போதாமல் போவது இதனால்தான். தண்ணீரை இரட்டிப்பாக்கினால் சரியாகும், ஆனால் கேஸும் நேரமும் கூடும்.

இங்கேதான் இட்லிப் பானை ஜெயிக்கிறது. அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஆவி குபுகுபுவென்று வரும் வரை காத்திருங்கள். பிறகு இட்லித் தட்டின் குழிக்கு ஒன்றாக முட்டையை வைத்து உள்ளே இறக்கி மூடிவிடுங்கள். குழியில் இருப்பதால் உருளாது, மோதாது, விரிசலும் குறைவு. கொஞ்சம் தண்ணீர்தான் என்பதால் ஆவி உடனே மீண்டுவிடும். இரண்டு முட்டைக்கும் எட்டு முட்டைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. நிமிடக் கணக்கு கொதிநீருக்குச் சொன்னதுதான். உரிப்பதும் சுலபம், ஏனென்றால் இதிலும் முட்டை எடுத்த எடுப்பில் முழுச் சூட்டைச் சந்திக்கிறது. அடுக்குத் தட்டாக இருந்தால் மேல்தட்டை மட்டும் பயன்படுத்துங்கள், இடையில் உள்ள தட்டுகளில் முட்டை உயரத்துக்கு இடம் இருக்காது. மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொண்டு இடுக்கியால் எடுங்கள். இத்தனை நல்ல பாத்திரம் அடுக்களையில் இருக்கும்போது முட்டைக்கென்று தனியாக ஒன்றை வாங்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அப்படியும் வாங்குகிறவர்களுக்கு: மின்சார முட்டை பாய்லரும் ஆவியில்தான் வேகவைக்கிறது. அளவுக் குப்பியில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் நின்றுவிடும். அதாவது தண்ணீர் வற்றும் நேரம்தான் அதன் கடிகாரம். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கினால் அதன் சூட்டுத்திறன் நாலில் மூன்று பங்காகிவிடும், தண்ணீர் வற்ற அதற்கேற்ப அதிக நேரம் பிடிக்கும், முட்டை முழுசாக வெந்துவிடும். மின்சாரம் சீராக வரும் இடத்தில் விடுதி அறைக்கு நல்ல சாமான்தான். பிரஷர் குக்கர் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். விசில் வரும் நேரம் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, உள்ளே சூடோ 120 டிகிரி வரை ஏறும். மைக்ரோவேவில் ஓட்டோடு வைத்தால் வெடிக்கும்.

சிங்கப்பூர், மலேசியக் காப்பிக் கடைகளின் முறை வேறு வகை. அங்கே முட்டையை அடுப்பில் வேகவைப்பதே இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அதில் முட்டையைப் போட்டு மூடி ஆறேழு நிமிடம் விடுவார்கள். பிறகு தட்டில் உடைத்து ஊற்றி, சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்து, காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய ஜாம்) தடவிய ரொட்டியோடு சாப்பிடுவது வழக்கம். தண்ணீரின் சூடு மெல்ல மெல்ல இறங்குவதால் வெள்ளைக்கரு முழுதாக இறுகாமல் குழைவாக வரும். அந்தக் குழைவைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள், உரித்துச் சாப்பிடும் முட்டையோடு இதை ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அளவில் கறார் வேண்டும். இரண்டு முட்டைக்கு ஒரு லிட்டர் என்றால் எப்போதும் அதே பாத்திரம், அதே ஒரு லிட்டர். முட்டை வெளியில் இருந்ததாக இருக்கட்டும். நாலு முட்டையானால் தண்ணீரையும் கூட்டுங்கள்.

குறைந்த சூட்டில் நெடுநேரம் வைக்கும் முறைகளும் உண்டு. 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மஞ்சள்கரு அருமையான குழம்புப் பதத்துக்கு வரும், வெள்ளைக்கரு மட்டும் தளதளவென்று நிற்காமல் கிடக்கும். மேலே சொன்ன 80 டிகிரி கணக்கை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் 2025-இல் ஒரு வழி வெளியிட்டார்கள். 100 டிகிரி தண்ணீரில் 2 நிமிடம், 30 டிகிரி தண்ணீரில் 2 நிமிடம் என்று மாறி மாறி, மொத்தம் 32 நிமிடம். வெளியே சூடு ஏறி இறங்க, நடுவில் மஞ்சள்கரு 67 டிகிரியை ஒட்டி நிலைத்துவிடுகிறது. வெள்ளையும் மஞ்சளும் அததற்குரிய பதத்தில் வேகின்றன. மிக அழகான யோசனை. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்து பார்க்கலாம். பள்ளிக்குப் பிள்ளைகள் கிளம்பும் காலையில் அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க முடியாது.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கு மேலே சொன்ன எந்த முறையும் வேண்டாம், மஞ்சள்கரு இறுகும் வரை வேகவைத்தே கொடுங்கள். வழிகிற மஞ்சள்கருவில் சால்மொனெல்லா கிருமி பிழைத்திருக்கலாம். மற்றவர்களும் விரிசல் விட்ட முட்டையை அரைவேக்காட்டுக்கு எடுக்கக் கூடாது.

எந்த முறையானாலும் எடுத்த உடனே குளிர்விக்க வேண்டும். அடுப்பை விட்டு வந்த பிறகும் ஓட்டின் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும், அது உதவாது. ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் சூடாகவே உரித்துச் சாப்பிடலாம். உரிப்பது எளிதாக இருக்கச் சில நாள் பழகிய முட்டை நல்லது. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், நாளாக ஆக அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, சவ்வின் பிடி தளரும். அன்றைக்கு இட்ட நாட்டு முட்டையானால் உரிக்க முயலவே வேண்டாம். சின்ன டம்ளரில் நிற்கவைத்து, அகன்ற முனையை ஸ்பூனால் தட்டி எடுத்துவிட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவி ஓட்டிலிருந்தே சாப்பிடுங்கள்.