பிஎஃப், பிபிஎஃப், என்பிஎஸ்: வரி எங்க மிச்சமாகுது, எங்க திரும்ப புடிக்குது

ஜனவரி வந்தாலே ஆபீஸ்ல ஹெச்ஆர் கிட்ட இருந்து ப்ரூஃப் கேட்டு மெயில் வந்துடும், உடனே ரிட்டயர்மென்ட்டுக்கு எதுல போட்டா வரி மிச்சம்னு பேச்சு ஆரம்பிச்சிடும். நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், வருமான வரி கணக்கு போடுற முறைல நீங்க பழைய ரெஜிமா புது ரெஜிமா? ஏன்னா 80சி-ல, அதாவது பிஎஃப் மாதிரி சேமிப்புக்காக, வருமானத்துல 1.5 லட்சம் கழிக்கிறது, அதுக்கு மேல என்பிஎஸ்-க்குன்னு (தேசிய பென்ஷன் திட்டம்) தனியா 50,000 கழிக்கிறது, ரெண்டுமே பழைய ரெஜிம்ல மட்டும்தான். புதுசுல இருந்துக்கிட்டு மார்ச் கடைசில ஓடிப்போய் போட்டா அந்த வருஷ வரில ஒரு ரூபா கூட குறையாது.

அப்ப புதுசுல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. என்பிஎஸ்-ல கம்பெனி நம்ம பேர்ல போடுற பணத்த பேசிக் பிளஸ் டிஏ-ல (அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி) 14% வரைக்கும் கழிச்சுக்கலாம், பழைய ரெஜிம்ல தனியார் வேலைக்கு இது 10% தான். சம்பளம் 15 லட்சம், அதுல பேசிக் மாசம் 50,000-ன்னு வைங்க, வருஷத்துக்கு 84,000 என்பிஎஸ்-க்கு போகும், 15% ஸ்லாப்ல, வரி மேல போடுற 4% செஸ்ஸோட 13,104 ரூபா வரி மிச்சம். ஆனா கம்பெனி தானா வந்து பண்ணாது, சம்பள ஸ்ட்ரக்சர்ல சேர்த்துக் குடுங்கன்னு நாமதான் கேக்கணும், நிறைய பேர் கேக்காமயே விட்டுடறாங்க, அதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

என்பிஎஸ்-ல சிக்கல் வெளிய வர்றப்பதான். 60 வயசுல மொத்தத் தொகைல 60% வரைக்கும் கையில வாங்குனா வரி கிடையாது, ஆனா ஆன்யுட்டில (பென்ஷன் தர்ற இன்ஷூரன்ஸ் பிளான்) போடுற பங்குல இருந்து மாசாமாசம் வர்ற பென்ஷன் அந்த வருஷ வருமானம், ஸ்லாப் படி வரி உண்டு. உள்ள போறப்ப விட்டத வெளிய வர்றப்ப கொஞ்சம் புடிச்சுக்கிறாங்க.

பிஎஃப் அப்படி இல்ல. சம்பளத்துல புடிக்கிற நம்ம 12% பங்குக்கு புது ரெஜிம்ல கழிவு கிடையாதுதான், ஆனா கம்பெனி பங்குக்கு அங்கயும் வரி இல்ல, 2024-25க்கு வட்டி 8.25%, அஞ்சு வருஷம் சர்வீஸ் முடிஞ்சு எடுத்தா அதுக்கும் வரி இல்ல. விபிஎஃப்ல, அதாவது நாமளா விருப்பப்பட்டு பிஎஃப்ல கூடுதலா போடறவங்க ஒண்ண மட்டும் பாத்துக்கணும், நம்ம பங்கு எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 2.5 லட்சம் தாண்டுனா மேல போன பணத்தோட வட்டிக்கு ஏப்ரல் 2021ல இருந்து வரி உண்டு. அந்த அஞ்சு வருஷக் கணக்கும் முக்கியம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் மூணாவது வருஷம் வேலை மாறுனப்ப பைக் வாங்கணும்னு பிஎஃப்-ஐ மொத்தமா எடுத்தான், பணம் குடுக்குறப்பவே 10% வரிய டிடிஎஸ்-னு புடிச்சாங்க, ரிட்டர்ன் போடுறப்ப கம்பெனி பங்கு, வட்டி எல்லாம் வருமானத்துல ஏறி இன்னும் கட்டுனான். புது கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணியிருந்தா பழைய மூணு வருஷமும் சர்வீஸ்ல சேர்ந்திருக்கும், ஒரு பைசா போயிருக்காது.

கடை வச்சிருக்கவங்க, ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, பிஎஃப் கிடையாதுன்னு இருக்கவங்களுக்கு நான் பிபிஎஃப்-தான் (பேங்க், போஸ்ட் ஆபீஸ்ல யாரும் தொடங்கலாம்ங்கிற அரசு சேமிப்புத் திட்டம்) முதல்ல சொல்லுவேன். வட்டி 7.1% தான், 2020 ஏப்ரல்ல இருந்து ஏறவே இல்ல, பணம் 15 வருஷம் பூட்டு. ஆனா எந்த ரெஜிம்ல இருந்தாலும் வட்டிக்கும் வரி இல்ல, முடிவுல வர்ற தொகைக்கும் வரி இல்ல. அதே 7.1% பேங்க் எஃப்டில கிடைச்சாலும் 30% ஸ்லாப்ல இருக்கவங்களுக்கு வரி போக 4.9% கூட நிக்காது. வருஷத்துக்கு 1.5 லட்சம் போட்டுக்கிட்டே வந்தா, இதே வட்டி நீடிச்சா, 15 வருஷத்துல நம்ம பணம் 22.5 லட்சம், கையில வர்றது 40 லட்சத்துக்கு மேல.

மாசம் 5ம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவுல இருக்குற குறைஞ்ச பேலன்ஸுக்குத்தான் பிபிஎஃப்ல வட்டி. மொத்தமா போடறவங்க ஏப்ரல் 5க்குள்ள போட்டுடுங்க, 6ம் தேதி போட்டா 1.5 லட்சத்துக்கு அந்த மாச வட்டி 887 ரூபா போச்சு.